வாகனம் வராத சரளைப் பாதை: ஜிரோனாவா, இஸ்திரியாவா, அந்தலூசியாவா?

மத்தியதரைக் கடலை ஒட்டிய மலைநாட்டில் நான்கைந்து நாள் சைக்கிளில் சுற்ற வேண்டும், பாதை தார்ச்சாலையாக இல்லாமல் சரளையாக இருக்க வேண்டும், கார், லாரி எதுவும் குறுக்கே வரக் கூடாது என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலோர் யோசிக்காமல் சொல்லும் பெயர் டஸ்கனி. இத்தாலியின் சியேனா நகரைச் சுற்றியுள்ள வெள்ளைச் சாலைகளும் அவற்றின் ஓரம் வரிசை கட்டி நிற்கும் சைப்ரஸ் மரங்களும் அத்தனை படங்களில் வந்துவிட்டன. ஆனால் அந்தச் சாலைகள் பண்ணை வீடுகளுக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் போய்வருவதற்கான பொதுச் சாலைகள். கார்களுக்கு அங்கே தடை எதுவும் இல்லை. வாகனம் குறைவு என்பதும் வாகனமே இல்லை என்பதும் ஒன்றல்ல, அதிலும் குழந்தைகளை உடன் அழைத்துப் போகிறவர்களுக்கு. வெயில் காலத்தில் ஒரு கார் கடந்து போனால், அது கிளப்பிவிட்ட வெண்புழுதி அடங்கும்வரை ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஏற்றம். டஸ்கனியின் கிராமச் சாலைகள் குன்றின் உச்சியிலிருக்கும் ஓர் ஊரிலிருந்து பள்ளத்தில் இறங்கி அடுத்த உச்சிக்கு நேராக ஏறுகின்றன. கையோலே இன் கியாந்தி என்னும் ஊரில் 1997இல் தொடங்கிய ‘லெரோயிக்கா’ பழைய சைக்கிள் ஓட்டத்தின் வழி, இப்போது ஆண்டு முழுவதும் பலகைகள் வைத்த நிரந்தரச் சுற்றாக இருக்கிறது. அதன் நீளம் 209 கி.மீ., மொத்த ஏற்றம் 3,000 மீட்டருக்கும் மேல். 2007 முதல் அதே பகுதியில் நடக்கும் ‘ஸ்த்ராதே பியாங்கே’ தொழில்முறைப் பந்தயத்தில் வரும் லே தோல்ஃபே மேட்டில் சரிவு 18 சதவீதம் வரை போகிறது, அதாவது நூறு மீட்டர் போவதற்குள் பதினெட்டு மீட்டர் ஏற வேண்டும். சரளையில் அப்படிப்பட்ட மேட்டை எழுந்து நின்று மிதித்தால் பின் சக்கரம் பிடிப்பில்லாமல் வழுக்கும். உட்கார்ந்து மிதிக்கவோ பழகிய கால் வேண்டும். பழகியவர்களுக்கு டஸ்கனி சொர்க்கம்தான். ஆனால் கேள்வி வாகனம் வராத பாதையைப் பற்றியது என்பதால், டஸ்கனியை இந்த ஒப்பீட்டிலிருந்து இத்துடன் விலக்கிவிடுகிறேன்.

மலையும் வேண்டும், செங்குத்தான ஏற்றமும் கூடாது, காரும் வரக் கூடாது என்னும் மூன்றையும் ஒருசேரத் தருபவை கைவிடப்பட்ட ரயில் தடங்கள்தாம். நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால், தடம் போட்ட பொறியாளர்கள் மலையைக் குடைந்தார்கள், பள்ளத்தாக்குகளின் மேல் பாலம் கட்டினார்கள், மற்ற இடங்களில் மலைச் சரிவை ஒட்டி வளைத்து வளைத்துக் கொண்டுபோனார்கள். விளைவாக, நூறு மீட்டருக்கு இரண்டு அல்லது மூன்று மீட்டருக்கு மேல் ஏறாத தடம் கிடைத்தது. ரயில் நின்று தண்டவாளமும் பெயர்க்கப்பட்ட பிறகு எஞ்சிய மேடையில் சரளையைக் கொட்டி உருளை ஓட்டினால் சைக்கிள் பாதை தயார். ஸ்பெயின் 1993இல் ‘வியாஸ் வெர்தேஸ்’, அதாவது பசுமை வழிகள், என்ற பெயரில் இதை ஒரு நாடு தழுவிய திட்டமாகவே எடுத்துக்கொண்டது. இன்று அங்கே இத்தகைய பாதைகளின் மொத்த நீளம் 3,000 கி.மீ.யைத் தாண்டிவிட்டது.

எனவே உண்மையான தேர்வு ரயில் தடங்களுக்குள்தான். இதில் காட்சி அழகை நான் கடைசியில்தான் வைப்பேன், ஏனென்றால் இங்கே பேசப்போகும் எல்லா வழிகளிலும் அது தேவைக்கு மேல் இருக்கிறது. முடிவைத் தீர்மானிக்க வேண்டியவை வேறு: தடத்தின் தொடக்கத்துக்கு எப்படிப் போய்ச் சேர்வது, முடிவிலிருந்து எப்படித் திரும்புவது, சரளை எவ்வளவு கரடு, வழியில் தண்ணீரும் சாப்பாடும் கிடைக்குமா, எந்த மாதத்தில் விடுப்பு கிடைக்கிறது. ரயில் நின்றுபோன ஊருக்கு ரயிலில் போக முடியாது என்பது கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும், இந்தப் பயணங்களைத் திட்டமிடும்போது மிகுதியாக இடிப்பது அதுதான்.

முதலில் ஸ்பெயினின் தென்கோடியான அந்தலூசியா. அங்குள்ள ‘வியா வெர்தே தே லா சியெர்ரா’, காதிஸ் மாகாணத்தின் புவெர்த்தோ செரானோ ஊரிலிருந்து ஓல்வெரா வரை சுமார் 36 கி.மீ. போகிறது. இதன் வரலாறு விசித்திரமானது. ஹெரெஸ் நகரையும் அல்மார்ஹென் ஊரையும் இணைப்பதற்காக 1920களில் தொடங்கிய இந்தத் தடத்தில் சுரங்கங்களைக் குடைந்து பாலங்களையும் எழுப்பிவிட்டார்கள். உள்நாட்டுப் போர் வந்து வேலை நின்றது. பின்னர் ஒரு பயணிகள் ரயில்கூட ஓடாமலே திட்டம் கைவிடப்பட்டது. ரயிலைப் பார்க்காத நிலையங்கள் இன்று விடுதிகளாகவும் உணவகங்களாகவும் இருக்கின்றன. 36 கி.மீ.க்குள் 30 சுரங்கங்களும் நான்கு பெரிய பாலங்களும் வருகின்றன; நீளமான சுரங்கம் ஏறக்குறைய ஒரு கி.மீ. போகிறது.

பட்டப்பகல் வெளிச்சத்திலிருந்து சுரங்கத்துக்குள் நுழையும் முதல் சில நொடிகள் கவனிக்கத்தக்கவை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மறந்தால் முன் சக்கரமே கண்ணுக்குத் தெரியாது. வெளியே 30 பாகை வெயில் அடிக்கும்போது உள்ளே குளிர்ந்த காற்று முகத்தில் அறையும். எதிரே நடந்து வருபவரின் பேச்சு கேட்கும், ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பது பிடிபடாது. பல சுரங்கங்களில் மின்விளக்குகள் உண்டு என்றாலும், முன்விளக்கு இல்லாமல் இந்த வழியில் போகக் கூடாது. கொரீப்பே ஊருக்கும் ஓல்வெராவுக்கும் இடையே சாஃப்ராமகோன் என்னும் பெரும் பாறை நிற்கிறது. அந்தலூசியாவின் மிகப் பெரிய கிரிஃபன் கழுகுக் கூட்டங்களுள் ஒன்று அங்கே வாழ்கிறது. பாறையருகே உள்ள பழைய நிலையத்தில் அவற்றைப் பற்றிய விளக்க மையம் இருக்கிறது. கழுகுகளைக் காண அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓட்டாமல் நின்று பார்ப்பது நல்லது.

வாகனம் வராமை என்னும் ஒரே அளவுகோலை வைத்தால் இந்த வழிக்குத்தான் முதலிடம் தருவேன், ஏனெனில் சுரங்கமும் பாலமுமாகப் போகும் தடத்தில் கார் நுழைய வழியே இல்லை. சரளையும் நன்றாக இறுகியது, 35 மி.மீ. டயரே போதும். ஆனால் இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, நீளம் போதாது; நிதானமாகப் போனாலும் ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம், அதுவும் போன வழியிலேயே. மற்றொன்று, இரு முனைகளிலும் ரயில் கிடையாது; செவில், ஹெரெஸ் அல்லது மாலகாவிலிருந்து பேருந்தையோ வாடகைக் காரையோ நம்ப வேண்டும். ஓல்வெரா உயரத்தில் இருப்பதால் காலையில் புவெர்த்தோ செரானோவிலிருந்து ஏறிப்போய் மாலையில் இறங்கி வருவது வசதி. செவில் நகருக்கு எப்படியும் போகிறவர்கள் இரண்டு நாள் ஒதுக்கிப் பார்க்க வேண்டிய வழி இது. இதற்காகவே சென்னையிலிருந்து விமானம் ஏறுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நீளம்தான் குறை என்றால் அதே அந்தலூசியாவில் ‘வியா வெர்தே தெல் அசெய்தே’ இருக்கிறது. ஹாயேன் நகரிலிருந்து புவென்தே ஹெனில் வரை 128 கி.மீ.; ஒரு காலத்தில் ஆலிவ் எண்ணெயைச் சுமந்து சென்ற ரயிலின் தடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரும்புப் பாலங்கள் இன்னும் உறுதியாக நிற்கின்றன, சுயெரோஸ் போன்ற வெள்ளையடித்த மலையூர்கள் வழியில் வருகின்றன, ஹாயேனுக்கு ரயிலும் உண்டு. ஆனால் ஹாயேன் மாகாணத்தில் மட்டும் ஆறு கோடிக்கும் மேற்பட்ட ஆலிவ் மரங்கள் இருக்கின்றன என்பதை ஒரு புள்ளிவிவரமாகப் படிப்பது வேறு, இரண்டு நாள் அவற்றுக்கு நடுவே மட்டும் போய்க்கொண்டிருப்பது வேறு. நிழலும் குறைவு. ஸ்பெயினின் வடகிழக்கிலுள்ள கட்டலோனியாவின் தெற்கில், ஆர்னெஸ் பக்கத்திலிருந்து தொர்த்தோசா வரை எப்ரோ ஆற்றை நோக்கி இறங்கும் தெர்ரா ஆல்தா தடத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஏறக்குறைய 50 கி.மீ. தூரம் பெரும்பாலும் இறக்கம். சுரங்கங்களும் கனாலேதெஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கும் கண்ணைப் பறிக்கும். 1973இல் நின்றுபோன ரயிலின் தடம் அது. பார்சிலோனாவில் ஏற்கெனவே இருக்கிறவர்களுக்கு அருமையான வார இறுதி. ஒரு வாரப் பயணத்துக்கு அது தனியே போதாது.

இனி அட்ரியாடிக் கடலோரத் தீபகற்பமான இஸ்திரியா. இத்தாலியின் திரியெஸ்தே நகரிலிருந்து ஸ்லோவேனியாவைக் கடந்து குரோஷியாவின் போரெச் வரை போன குறுகிய இருப்புப்பாதைக்குப் பரென்சானா என்று பெயர். ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் காலத்தில், 1902இல் திறக்கப்பட்டது. தண்டவாளங்களுக்கிடையே 760 மி.மீ. அகலம், மொத்தம் 123 கி.மீ. பேரரசு மறைந்து பகுதி இத்தாலியின் கைக்குப் போன பின், 1935 ஆகஸ்டு 31 அன்று கடைசி ரயில் ஓடியது. பெயர்த்த தண்டவாளங்களை முசோலினியின் அபிசீனிய (இன்றைய எத்தியோப்பியா) படையெடுப்புக்குக் கப்பலேற்றினார்கள், கப்பல் நடுக்கடலில் மூழ்கியது என்று ஒரு கதை அந்தப் பக்கம் வழங்குகிறது. இன்று அந்தத் தடத்தில் இத்தாலியில் 13, ஸ்லோவேனியாவில் 32, குரோஷியாவில் 78 கி.மீ. சைக்கிள் வழியாகப் பிரிந்திருக்கிறது.

இந்த மூன்று நாட்டுப் பகுதிகளையும் ஒரே பாதை என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமே. ஸ்லோவேனியாவில் பெரும்பாலும் வழவழப்பான தார். கோபெருக்கும் இசோலாவுக்கும் இடையே கார்களுக்கு மூடப்பட்ட கடற்கரைச் சாலையில் கடலைத் தொட்டுக்கொண்டே போகலாம். செச்சோவ்லியே உப்பளங்களைப் பார்த்தபடி எல்லையை நெருங்கலாம். எல்லையைத் தாண்டும் இடத்தில் சிறிது தூரம் சாலையில் வாகனங்களோடு கலந்து போவது தவிர்க்க முடியாதது. குரோஷியாவுக்குள் போன பிறகுதான் நாம் தேடும் சரளை தொடங்குகிறது, அதுவும் கரடாக. செம்மண்ணின் மேல் கொட்டிய சுண்ணாம்புக் கற்கள் பல இடங்களில் இறுகாமல் கிடக்கும். கட்டைவிரல் அளவுக் கல் டயரின் ஓரத்தில் பட்டுச் சுண்டி எகிறும் சத்தம் நாள் முழுதும் கூடவே வரும். 40 மி.மீ.க்குக் குறைந்த டயர் இங்கே தண்டனை, 45 மி.மீ. அல்லது முன்னால் சஸ்பென்ஷன் உள்ள மலைச் சைக்கிள் நல்லது. வாடகைக் கடையில் என்ன கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளாமல் டயரின் அகலத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஏற்றத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. ரயில் தடம் என்பதால் எங்கும் செங்குத்து இல்லை, ஆனால் மலை மலைதான். உச்சியான குரோஷ்னியான் ஊர் 293 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தடம் மிர்னா ஆற்றுப் பள்ளத்தாக்கில் லிவாடே வரை, ஏறக்குறைய கடல் மட்டத்துக்கே இறங்கிவிடுகிறது. பிறகு மோட்டோவுன் குன்றைச் சுற்றி மறுபடி விஷினாடாவுக்கு ஏற வேண்டும். மூன்று சதவீத ஏற்றம் பத்து நிமிடத்துக்கு விளையாட்டு, ஒன்றரை மணி நேரத்துக்கு வேலை. எந்தத் திசையில் போனாலும் இந்த இரட்டை மேடு தப்பாது. ஆயினும், இந்த ஒப்பீட்டில் உள்ள வழிகளிலெல்லாம் காட்சி மாறிக்கொண்டே இருப்பது இங்கேதான்: உப்பளம், செம்மண் திராட்சைத் தோட்டம், சுரங்கம், கல்பாலம், குன்றின் மேல் மதில் சூழ்ந்த ஊர், கடைசியில் அட்ரியாடிக் கடல்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் வாசகர்களில் சைவர் பலர். லிவாடேயும் மோட்டோவுனும் டிரஃபிள் என்னும் நிலத்தடிக் காளானுக்குப் பேர்போனவை. ‘ஃபூஷி’ என்னும் சுருட்டிய பாஸ்தாவின் மேல் அதைச் சீவிப் போட்டுத் தருவார்கள். வெள்ளை டிரஃபிள் இலையுதிர்காலத்தில் வரும், விலையும் அப்போது கூடவே ஏறும். கறுப்பு வகை மலிவு, ஆண்டின் பெரும்பகுதி கிடைக்கும். ‘மனேஷ்த்ரா’ என்னும் அவரை, சோளச் சாறு பார்த்தால் சைவம் போல் இருக்கும், ஆனால் பன்றி எலும்பு போட்டுக் கொதிக்கவைப்பது வழக்கம் என்பதால் கேட்டுவிட்டே சாப்பிட வேண்டும். அந்தலூசியாவிலும் இதே எச்சரிக்கை பொருந்தும்: ‘சால்மோரெஹோ’ என்னும் குளிர்ந்த தக்காளிக் கூழின் மேல் பன்றி இறைச்சித் துருவல் சொல்லாமலே வந்துவிடும். கொண்டைக்கடலையும் பசலைக்கீரையும் சேர்த்துச் செய்வதைக் கேட்டு வாங்கினால் வயிறு நிறையும், கவலையும் இல்லை.

மூன்றாவது, ஜிரோனா. பார்சிலோனாவிலிருந்து அதிவேக ரயிலில் 40 நிமிடத்துக்குள் வந்துவிடக்கூடிய இந்த நகரம், ஐரோப்பியத் தொழில்முறை சைக்கிள் வீரர்கள் பலர் குடியிருக்கும் ஊர் என்பதால், வாடகைச் சைக்கிள் கடைகளுக்கும் பழுது பார்ப்பவர்களுக்கும் பஞ்சமே இல்லை. நம் கணக்கில் அது முக்கியமல்ல. முக்கியம் என்னவென்றால், இந்நகரின் வழியே இரண்டு பழைய குறுகிய ரயில் தடங்கள் கைகோத்துக்கொள்கின்றன. ஒன்று, மலையிலுள்ள ஓலோட்டிலிருந்து ஜிரோனா வரை, 54 கி.மீ. மற்றது, ஜிரோனாவிலிருந்து கடற்கரையிலுள்ள சாண்ட் ஃபெலியு த கிஷோல்ஸ் வரை, ஏறக்குறைய 40 கி.மீ. இரண்டிலும் 750 மி.மீ. அகலப் பாதையில் ஓடிய ‘கரிலேட்’ ரயில்கள் 1969இல் நின்றன. இரண்டையும் சேர்த்தால் எரிமலை நாட்டிலிருந்து கடல் வரை ஒரே வழி.

எரிமலை என்பது மிகையில்லை. ஓலோட்டைச் சுற்றியுள்ள கரோச்சா பகுதியில் அடங்கிப்போன எரிமலைகள் சுமார் நாற்பது இருக்கின்றன. அவற்றில் சாந்தா மர்கரீடாவின் வாய்க்குள் இறங்கினால் நடுவே ஒரு சிறு தேவாலயம் நிற்கிறது. உறைந்த எரிமலைக் குழம்பின் மேலேயே ஃபஜேடா தென் ஜோர்டா என்னும் பீச் மரக் காடு வளர்ந்திருக்கிறது. தடம் இவற்றைத் தொடாமல் பக்கத்தில் போகிறது என்பதால், சைக்கிள் பயணத்துக்கு முன் ஒரு நாளை இவற்றை நடந்து பார்ப்பதற்கு ஒதுக்க வேண்டும். ஓலோட்டில் மழை இல்லையென்றால் வேறெங்கும் மழை இல்லை என்று கட்டலோனியர்கள் சொல்வார்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 மி.மீ. பெய்கிறது. மத்தியதரை வெயிலை மட்டும் எண்ணி மழைச்சட்டை இல்லாமல் வருகிறவர்கள் இங்கே நனைவார்கள். அந்த மழையால்தான் அந்தலூசியாவில் தேடினாலும் கிடைக்காத நிழல் இந்தத் தடத்தின் மேல்பாதி முழுதும் இருக்கிறது.

திசையைப் பற்றி எனக்கு ஐயமே இல்லை: ஓலோட்டிலிருந்து கடலை நோக்கி. ஓலோட் 440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதலில் பாஸ் பள்ளத்தாக்கின் வயல்களுக்கு நடுவே மெல்ல ஏறி, 600 மீட்டரைத் தாண்டிய ஒரு கணவாயை அடைந்த பிறகு, ஜிரோனாவின் 70 மீட்டருக்கு இறங்கிக்கொண்டே போகலாம். கணவாய்க்குக் கீழே சாண்ட் ஃபெலியு த பாயேரொல்ஸ், லெஸ் பிளானெஸ், ஆமெர், ஆங்லேஸ் என்று ஊர்கள் வரிசையாக வருவதால், தண்ணீர்ப் புட்டி காலியாகும் நேரத்துக்குக் குழாயோ காப்பிக் கடையோ வந்துவிடும். ஆமெரின் நடுச் சதுக்கத்தைச் சுற்றிலும் வளைவுத் தாழ்வாரங்கள் இருக்கின்றன. மதிய உணவுக்கு நிற்பதற்கு அதைவிட நல்ல இடம் இந்த வழியில் இல்லை என்பேன். சரளை பெரும்பாலும் இறுகிய மணல் கலந்தது. பரென்சானாவில் ஓட்டிவிட்டு இங்கே வருகிறவருக்கு மெத்தையாகத் தோன்றும். சாலையைக் கடக்கும் இடங்களில் கார் நுழைய முடியாதபடி நடுவே கட்டைகள் நட்டிருப்பார்கள். இறக்கத்தில் வேகமாக வந்து அந்தக் கட்டைக்கு முன் முன்பிரேக்கைப் பிடித்தால் உதிரிச் சரளையில் சக்கரம் ஓடிவிடும் என்பதால், குழந்தைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. சில ஊர்களுக்குள் தடம் தெருக்களோடு கலக்கிறது. ஜிரோனாவை நெருங்கும்போது சால்ட் பகுதியில் நகரத்தின் சந்தடி வந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் உள்ளூர்க் குடும்பங்கள் முழுவதும் தடத்தில்தான் இருக்கும். இரண்டாம் பாதியில், கார்க் தொழிலுக்குப் பெயர்பெற்ற காஸா த லா செல்வா வழியாகக் கடலுக்குப் போகும் வழி, மேல்பாதியோடு ஒப்பிட்டால் சாதாரணமானது. வயல், தொழிற்கூடம், வட்டச் சந்திப்பு என்று போய்க் கடைசியில் கடலைக் கண்டதும்தான் மனம் விழிக்கும். ஓலோட்டுக்கு ரயில் இல்லை என்பதும் உண்மை. ஆனால் ஜிரோனாவிலிருந்து பேருந்து உண்டு, சைக்கிளோடு ஆளையும் வேனில் ஏற்றி மேலே கொண்டுவிடும் வாடகைக் கடைகளும் உண்டு. கடற்கரையிலிருந்து ஜிரோனாவுக்குத் திரும்பவும் பேருந்து இருக்கிறது, விரும்பினால் அதே தடத்திலும் திரும்பலாம், ஏற்றம் லேசானதே. போக்குவரத்துச் சிக்கல் இவ்வளவு எளிதாகத் தீரும் மலைத் தடம் இந்த ஒப்பீட்டில் வேறில்லை.

ஆகவே முதல் முறை போகிறவர்களுக்கும், பத்துப் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கும், சைக்கிள் ஓட்டாத ஒருவரை நகரத்தில் விட்டுவிட்டுப் போக வேண்டியவர்களுக்கும் ஜிரோனாதான் என் பரிந்துரை. ஏற்கெனவே சரளையில் பழகியவர்கள், நாளுக்கு 40 கி.மீ. கரட்டுப் பாதையைப் பொருட்படுத்தாதவர்கள், ஊர் ஊராகப் பையைச் சுமந்து முன்னேறிப் போவதை விரும்புகிறவர்கள் பரென்சானாவைத் தேர்ந்தால் கொடுத்த காசுக்கு மேலேயே கிடைக்கும். திரியெஸ்தேயில் தொடங்கி நான்கு நாளில் போரெச் சேர்வது வசதியான கணக்கு. பெற்றோர் வயதில் உள்ளவர்கள் பேட்டரி சைக்கிள் எடுத்துக்கொண்டால் பரென்சானாவின் ஏற்றம் பொருட்டில்லை, ஆனால் கல்லின் அதிர்வை எந்த பேட்டரியும் குறைக்காது. மணிக்கட்டு வலி உள்ளவர்கள் இதை யோசிக்க வேண்டும். சியெர்ராவை நான் தனிப் பயணமாக அல்ல, செவில் பயணத்தின் இணைப்பாக மட்டுமே பார்க்கிறேன்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசாவில் ஒரு மாற்றம் பயன் தந்திருக்கிறது. குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் பகுதிக்குள் வந்துவிட்டது, அதே நாளில் யூரோவும் நாணயமாகிவிட்டது. எனவே பரென்சானாவின் மூன்று நாடுகளுக்கும் ஒரே விசாவும் ஒரே பணமும் போதும். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறோமோ அந்த நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், திரியெஸ்தேயில் இறங்கினாலும் விண்ணப்பம் பெரும்பாலும் குரோஷியாவுக்கே போகும். 2023 அக்டோபரில் இத்தாலி ஸ்லோவேனிய எல்லையில் தற்காலிகச் சோதனையை மீண்டும் கொண்டுவந்தது. சைக்கிளில்தானே போகிறோம் என்று கடவுச்சீட்டை விடுதியில் விட்டுவிடக் கூடாது. வந்துசேர்வதிலும் வேறுபாடு உண்டு: ஜிரோனாவுக்கு வளைகுடா நகரொன்றில் மாறிப் பார்சிலோனா, அங்கிருந்து ஒரே ரயில், பரென்சானாவுக்கு வெனிஸில் இறங்கி ரயிலில் இரண்டு மணி நேரத்தில் திரியெஸ்தே, ஆனால் போரெச்சிலிருந்து திரும்பும்போது ரயில் இல்லாததால் பேருந்து நேரங்களை முன்பே பார்த்து, சைக்கிளை ஏற்றுவார்களா என்றும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். திரியெஸ்தேயில் வாடகைக்கு எடுத்துப் போரெச்சில் ஒப்படைக்க முடிந்தால் இந்தத் தலைவலி பாதி குறையும்.

கடைசியாக, மாதம். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரையிலும், செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முடிய உள்ள நாள்களும் மூன்று இடங்களுக்குமே ஏற்றவை. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கோடை விடுமுறை இந்த வசந்தத்தோடு ஒத்துப்போவது நமக்கு ஒரு வசதி. அந்தலூசியாவின் மேய்ச்சல் நிலங்கள் பசுமையாக இருப்பதும் அந்தப் பருவத்தில்தான். லண்டனிலோ பாரிஸிலோ குடியிருந்து, ஜூலை, ஆகஸ்டில் மட்டுமே விடுமுறை கிடைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு நிலைமை வேறு. அப்போது அந்தலூசியாவின் உட்பகுதியில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும், ஆகவே சியெர்ராவும் ஆலிவ் தடமும் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். பரென்சானாவின் சுண்ணாம்புச் சரிவுகளில் வெயில் நேராக அடிக்கும். கடற்கரை விடுதிகளும் அப்போது நிரம்பி வழியும். ஓலோட் பக்கத்து மரநிழலில் காலை ஏழு மணிக்குக் கிளம்பி, ஒரு மணிக்கு முன் ஆமெரில் சைக்கிளைச் சாத்திவிட்டு, அங்கேயே இரவு தங்கி, மறுநாள் விடியலில் ஜிரோனாவுக்கு இறங்கினால் ஆகஸ்டு மாதத்திலும் இந்தப் பயணம் நடக்கும்.